பொத்தையடித் தெரு நீண்ட கதை

ஆலங்கிணறு என்கிற ஊரில் பொத்தையடித் தெரு என்று ஒன்று இருக்கிறது. மேற்கே ஊர்ப்பொத்தை என்கிற மொட்டைப் பாறைக்குன்றில் முட்டிக்கொண்டு, கிழக்கே பஸ் போகிற மெயின் ரோட்டில் போய்ச் சேர்கிற தெரு, இந்த முனையில் நின்று "ஒரு உருண்டை புளி இருக்கா மைனி?" என்று கேட்டால் அந்த முனையிலிருந்து "வந்து வாங்கிக்கோ" என்று பதில் வந்துவிடும், அவ்வளவுதான் அதன் நீளம். அந்தத் தெரு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீள ஆரம்பித்தது, நீண்டுகொண்டே போனது, அதை நீட்டியவள் பொத்தையோரக் கடைசி வீட்டு உலகம்மாள்.

உலகம்மாள் பயந்தாங்கொள்ளியாகப் பிறந்தவள் இல்லை. எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரிக்கிற வேலை. லாரிக்காரன் எவனாவது அழுகல் மூட்டையை நடுவில் சொருகினால் அவனை மண்டியே வேடிக்கை பார்க்கும்படி நாலு கேள்வி கேட்டு அனுப்புகிறவள். புருஷன் சங்கரலிங்கம் நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் ஆவுடைச்செல்வி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். குறையென்று சொல்ல எதுவும் இல்லாத அந்த வீட்டுக்கு, ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்த உலகம்மாள் வழியாகப் பயம் வந்து சேர்ந்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல் மரத்தது, காதுக்குள் அருவி விழுந்தது, மூச்சு தொண்டையோடு நின்றுவிட்டது, இதோ செத்துப்போகப்போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்த டாக்டரம்மா, "இதயம் திடமா இருக்கும்மா. இது பயம்தான். தினமும் நல்லா நடங்க, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

பயம்தான் என்று சொன்னதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. பாம்பு என்றால் கம்பை எடுக்கலாம், காய்ச்சல் என்றால் கஷாயம் குடிக்கலாம், தன் நெஞ்சே தன்மேல் பாய்ந்தால் எந்தக் கதவைச் சாத்துவது? முதலில் பஸ்ஸை விட்டாள். பஸ்ஸை விட்டதும் மண்டியை விட்டாள். மண்டியை விட்டதும் பஜாரை விட்டாள், பஜாரை விட்டதும் வெள்ளிக்கிழமை கோயிலை விட்டாள், ஒவ்வொன்றை விடும்போதும் அப்பாடா என்று இருந்தது, மறுநாளே பயம் இன்னும் ஒரு வீடு கிட்டே வந்து நின்றது. கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, கோலமாவுக் கிண்ணத்தோடு வாசற்படியில் இறங்கப் போனவளுக்கு வாசலே பஸ் மாதிரி ஆடியது. வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கால் பின்னால் வந்தது, தெரு முன்னால் போனது.

அடுத்த வீட்டுப் பகவதி மைனியின் முருங்கைமரம் இவள் சுவரில்தான் சாய்ந்திருக்கும்; அது கையெட்டாத தூரத்துக்குப் போய், கண்ணெட்டுகிற தூரத்துக்குப் போய், பிறகு ஒரு பச்சைப் பொட்டாக ஆகிவிட்டது. நடுவில் புதுசாகத் தெரு கிடந்தது, ரெண்டு பக்கமும் செம்மண் பொட்டல், எல்லாம் அப்போதுதான் பெருக்கித் தண்ணீர் தெளித்தமாதிரி சுத்தமாக.

முதலில் கண்டுகொண்டவர் பால்காரர் சுடலைமாடன். கடைசி வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது கேனில் பால் பாதி தயிராகியிருந்தது. "வழி கொஞ்சம் கூடிப்போச்சு தாயி. நாளையிலேர்ந்து உனக்கு மோராவே ஊத்திரட்டா?" என்று கேட்டார், அவ்வளவுதான் அவர் கேட்டது. மின்சாரக் கம்பி இழுபட்டுத் தரையைத் தொடப் பார்த்ததால் லைன்மேன்கள் வந்து, தெரு நீண்டால் கம்பமும் வேண்டும்தானே என்று வரிசையாகக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். சர்வேயர் சங்கிலியைப் பிடித்து அளந்தார். உலகம்மாள் உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க அளவு மாறிக்கொண்டே இருந்ததால், "இது வளர்ற பிள்ள, இப்பவே சட்டை தைக்க முடியாது" என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார்.

பிறகு ஊர் அந்த நீளத்துக்குள் குடிவந்தது. மிளகாய் வற்றல் காயவைக்க இடமில்லாமல் மொட்டைமாடிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அங்கே பாய் பாயாக விரித்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் தெருவுக்குச் சிவப்புக் கரை போட்டமாதிரி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்டம்பு ஊன்றினார்கள். ஸ்கூட்டர் பழகுகிறவர்கள் வந்து விழுந்து பழகினார்கள். கல்யாணப் பந்தல் போட்டார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் சப்பரம் அவ்வளவு தூரமும் போய்த் திரும்பியது, சப்பரத்தில் அம்மன் வேர்த்திருந்ததாகப் பூசாரி சொன்னார். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் கூட்டம் கூட்டமாக நடக்க வந்தார்கள். நாலே மாதத்தில் ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்றும், பொத்தையடித் தெரு புண்ணியத் தெரு என்றும் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் வேனில் வந்தார்கள். வருகிறவர்களுக்குத் தாகமெடுக்கும் என்று நடுவழியில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, அதனடியில் டீக்கடை போட்டார் சொரிமுத்து. அவர் பஜாரில் ஒருதரம் கடை வைத்து, வருகிற கூட்டத்தைப் பார்த்துக் கை நடுங்கி, கொதிக்கிற பாலைக் கொட்டிக்கொண்டு, மூடிவிட்டு வந்தவர். இந்தப் பொட்டலில் ஆள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

எல்லோருக்கும் உலகம்மாள்மேல் மரியாதைதான். நடக்க வருகிறவர்கள் அவள் வாசல்வரை வந்து கம்பத்தைத் தொட்டுத் திரும்பும்போது, "உலகம்மா, சுகமா இருக்கியா? இரு தாயி, இரு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் வீட்டுக்குள் இருந்தாள். கடைக்கு, ரேஷனுக்கு, மாவு மில்லுக்கு, மருந்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்த நீளத்தை நடந்து போய் நடந்து வந்தது ஆவுடைச்செல்வி. பள்ளிக்கூடம் போய்வந்து அரிசி தூக்கி வந்தாள், அரிசி தூக்கி வந்து தண்ணீர்க் குடம் தூக்கி வந்தாள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் உலகம்மாளால் முடியவில்லை.

பரீட்சை முடிந்து, மதுரையில் நர்சிங் காலேஜில் செல்விக்கு இடம் கிடைத்தது. சங்கரலிங்கம் மில்லில் எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். ஆனால் சுடலைமாடனோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த மகள், "நான் போகல மாமா. அம்மைய இப்படி விட்டுட்டு எங்க போக? இங்கனயே தையல் கிளாஸ் போயிக்கிடுதேன்" என்று, விடிந்தால் இட்லியா தோசையா என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களையில் நின்ற உலகம்மாள் காதில் விழுந்தது. கையிலிருந்த கரண்டியை வைத்தாள். தன் பயம் தன்னோடு கிடக்கிறது என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அது மகளையும் சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கு முழுக்க வாசற்படியில் உட்கார்ந்தாள். எழுந்தாள், இறங்கப் பார்த்தாள், நெஞ்சு அடித்தது, உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் புறவாசலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்ட அவள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டி அவள் காலுக்கு நடுவில் புகுந்து தெருவில் பாய்ந்து, மிளகாய் வற்றல் பாய்களை நோக்கி ஓடியது. அந்தக் குட்டி வற்றலைத் தின்றால் ஆறு வீட்டுப் பொம்பளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். முதல் கம்பம் போனது, ரெண்டாவது கம்பம் போனது, மூன்றாவது கம்பத்தடியில் குட்டியின் பின்னங்காலைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் அருவி விழுந்தது. மூச்சு தொண்டையில் நின்றது. வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டாள். சாவு வரவில்லை. குட்டி அவள் முந்தானையைத் தின்னப் பார்த்தது. அப்போது அவளுக்கு ஒன்று விளங்கியது, விளங்கியதும் அந்தப் பொட்டலில் தனியாக நின்று சிரித்தாள்: நெஞ்சு அடிப்பது அவள் ஓடி வந்ததால். பஸ்ஸில் அடித்ததும் இதே அடிதான், இதே அருவிதான், இதே மூச்சுதான். ஓடினால் அடிக்கிற நெஞ்சு வேறு, பயந்தால் அடிக்கிற நெஞ்சு வேறு என்று ரெண்டு நெஞ்சு அவளுக்குக் கிடையாது. ஓடினவளுக்கு அடிக்கும், நின்றால் அடங்கும். நின்றாள். அடங்கியது.

குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்து வந்தவள் மகளிடம், "ஏட்டி, உன் பள்ளிக்கூட ஷூ எனக்குச் சேருமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"ஓடப் போறேன்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பினாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கட்டி, செல்வியின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, நாலாவது கம்பம்வரை ஓடினாள், பயம் வந்தது, வரட்டும் என்று நின்றாள், அது கொஞ்சநேரம் அவளை உலுக்கிவிட்டு வேலையில்லாமல் போனது. அடுத்த நாள் ஐந்தாவது கம்பம். சில நாள் முந்தின நாள் தொட்ட கம்பத்தையே தொட முடியவில்லை, பாதியில் வாந்தியெடுத்துத் திரும்பினாள், திரும்பினாலும் மறுநாள் விடியலில் ஷூவைத்தான் தேடினாள். சர்க்கரைக்காரர்கள் எதிரே வந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். வேகம் கூடக் கூடக் கால் வலித்தது, வலித்த கால் இறுகியது, இறுகிய காலுக்குப் பசித்தது. மாதக்கணக்கில் கொறித்துக்கொண்டிருந்தவள் தட்டு நிறையச் சோறு போட்டுத் தின்றாள், தின்றுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினாள். சங்கரலிங்கம் ஒருநாள் வாயைத் திறந்து, "உன் குறட்டையக் கேட்டு ரொம்ப நாளாச்சு" என்று மட்டும் சொன்னார்.

தெரு சுருங்க ஆரம்பித்தது. நனைந்த பருத்தித்துணி காயும்போது சுருங்குகிறமாதிரி, யார் கண்ணுக்கும் தெரியாமல். மிளகாய்ப் பாயும் ஸ்டம்பும் ஒன்றையொன்று நெருங்கின, பந்து வற்றலில் விழுந்தது, வற்றல் ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒட்டியது, எல்லோருக்கும் எல்லோர்மேலும் கோபம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப்பேர் கூடி அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பகவதி மைனிதான் ஆரம்பித்தாள். "நீ நல்லாருக்கணும், அதுல எங்களுக்கு மாத்துக் கருத்தில்ல. ஆனா இந்த வேகத்துல ஓடுனா வற்றல எங்க காயப்போட?"

"எனக்குச் சுகர் முன்னூறு இருந்துச்சு தாயி," என்றார் ஒருவர். "இப்ப நூத்தி முப்பது. தெரு போச்சுன்னா நான் எங்க நடக்க?"

"ரெண்டு நாள் ஓடு, ரெண்டு நாள் பயந்துக்கோ," என்றார் இன்னொருவர், நியாயஸ்தர். "ஒரு அளவா வச்சுக்கிடுவோம்."

சொரிமுத்து மட்டும் கடைசியாக நின்றுகொண்டு, துண்டைப் பிசைந்தபடி, "எனக்கு வேற எங்கயும் கடை வைக்கத் தெம்பில்ல தங்கச்சி" என்றார்.

உலகம்மாள் எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அவர்கள் சொன்னதில் ஒரு சுகமும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. இத்தனை பேருக்கு உபயோகமான பயத்தை வைத்துக்கொண்டு மரியாதையாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். பிறகு உள்ளே குடத்தை இறக்கிவைத்த மகளின் பெருமூச்சு கேட்டது.

"நீங்க எம் பயத்துல பாய் விரிச்சதுல எனக்கு வருத்தமில்ல," என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு பாக்க. ஆனா அதுக்கு வாடகை எம் மவல்லா கொடுக்கா. அவ மதுரைக்குப் போகணும். நான் ஓடத்தான் செய்வேன்."

மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

காலேஜ் திறக்கிற நாள் வந்தது. மதுரை பஸ் காலையில் மெயின் ரோட்டில் நின்று போகும். தெரு அதற்குள் பாதிக்குமேல் சுருங்கியிருந்தது, நிதானமாக நடந்தாலே போதும். சங்கரலிங்கத்துக்கு ஷிப்டு முடியவில்லை. உலகம்மாள் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டாள், செல்வி பையைத் தூக்கிக்கொண்டாள், விளக்கேற்றிவிட்டுக் கிளம்பினார்கள். பாதி தூரம் வந்ததும் உலகம்மாளுக்கு ஒரு நினைப்பு வந்தது: திரும்பி வரும்போது வீட்டில் செல்வி இருக்கமாட்டாள். அந்த ஒரு நினைப்புக்கு, தெரு சரசரவென்று நீண்டது. முன்னாலும் நீண்டது, பின்னாலும் நீண்டது, வீடு ஒரு புள்ளியானது, மெயின் ரோடு ஒரு புள்ளியானது, கம்பங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடின, அதுவரை நீண்டதெல்லாம் ஒன்றுமேயில்லை என்பதுபோல நீண்டது. உலகம்மாள் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள்.

செல்விக்கு அழுகை வந்தது. "திரும்பிருவோம்மா. நான் போகல. வா, வீட்டுக்குப் போயிருவோம்."

உலகம்மாள் பின்னால் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். வெகுநேரம் பார்க்கவில்லை.

"திரும்புனாலும் இதே தூரம்தான்டி," என்றாள். "பெட்டியத் தூக்கி வை."

ஓடினார்கள். பெட்டியின் கனம் கழுத்தை அழுத்த, நெஞ்சு அடிக்க, அடிக்கட்டும் அது அதன் வேலை என்று ஓடினாள், ஷூவின் கயிறு அறுந்தது, ஷூவை உதறிவிட்டு ஓடினாள், நின்றால் நீண்டது, ஓடினால் சுருங்கியது, அதனால் நிற்கவில்லை. விலகிப்போன பாய்களுக்கு நடுவே தனித்தனியாக நின்றிருந்த பெண்கள் வற்றலை அப்படியே விட்டு எழுந்தார்கள், ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், தெரு நீண்டதில் அவர்களுக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் அவர்களுக்கே தெரியாமல் வாயிலிருந்து "ஓடு உலகம்மா, ஓடு!" என்றுதான் வந்தது. வேப்பங்கன்றடியில் சொரிமுத்து மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டு கூடவே நாலடி ஓடிவந்து நின்றுவிட்டார். பஸ் ஹாரன் அடித்தது. மூன்றாவது ஹாரனில் அவர்கள் மெயின் ரோட்டுத் தாரில் கால் வைத்தார்கள்.

கண்டக்டர் பெட்டியை வாங்கி மேலே போட்டார். "நீங்களும் வாறியளாக்கா?"

வழியனுப்பத்தான் வந்திருந்தாள். பஸ்ஸுக்குள் கூட்டம், கம்பியைப் பிடித்து நிற்கிற கைகள், ஈரமூச்சு, டீசல் வாடை. நெஞ்சு ஏற்கெனவே அடித்துக்கொண்டுதான் இருந்தது, இதற்குமேல் அடிக்க அதற்கும் தெம்பில்லை. "வாரேன்," என்று ஏறினாள், வெறுங்காலோடு. கம்பியைப் பிடித்து மதுரைவரை நின்றாள். நடுவில் ரெண்டுதரம் பயம் வந்து ஏறி, கொஞ்சதூரம் கூட நின்று, இறங்கிப்போனது. ஹாஸ்டலில் மகளை விட்டுவிட்டு, அழுகிற மகளின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு, புதுச் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, தனியாகத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு மண்டி வேலைக்கும் போனாள், காலையில் ஓடவும் ஓடினாள். தெரு மளமளவென்று சுருங்கிவந்து, பகவதி மைனியின் முருங்கைமரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, அதன் பூ தெரிந்து, அதோடு நின்றுவிட்டது. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் ஒரு துண்டுப் பொட்டல், அதில் வேப்பங்கன்று, அதனடியில் டீக்கடை. உலகம்மாள் ஓடிப் பார்த்தாள், ரெண்டுதரம் ஓடினாள், பொத்தையில் ஏறி இறங்கி ஓடினாள். ஒரு சாண் குறையவில்லை. பகவதி மைனி, "இன்னும் கொஞ்சம் பயம் உனக்குள்ள கிடக்கு போல" என்றாள். உலகம்மாள் தனக்குள் தேடினாள். பயம் இருந்தது, அது எல்லோருக்கும் இருக்கிற அளவுக்கு, வீட்டுப் பூனை மாதிரி சுருண்டு கிடந்தது. அதற்கு ஒரு தெருவை நீட்டுகிற பலமில்லை.

ஒருநாள் காலையில் ஓட்டத்தை முடித்துவிட்டு, வியர்வையோடு டீக்கடை முன்னால் வந்து நின்றாள். சொரிமுத்து கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். பொட்டலில் வேறு ஆளில்லை. அவள் தரையைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்தத் துண்டுத் தெரு என்னுது இல்ல."

சொரிமுத்து நிமிரவில்லை. கழுவின கிளாஸையே திரும்பவும் கழுவினார்.

"தெரியும் தங்கச்சி," என்றார்.

"பஜார் வரைக்கும் போயிட்டு வருவோம். கடையெல்லாம் வைக்கவேண்டாம். கூட்டத்துக்கு நடுவுல நின்னுட்டு வருவோம், அவ்வளவுதான்."

"அடுப்புல பால் இருக்கு."

"இறக்கி வைங்க," என்றாள் உலகம்மாள்.

சொரிமுத்து கொதித்துப் பொங்குகிற பாலைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார். பிறகு துண்டால் சட்டியைப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், இறக்கி வைத்தார்.